பச்சைத் தொப்பியும் பட்டு வேட்டியும்

தன் மொழியை இழந்த இனத்திற்கு எஞ்சுவது விழா ஒன்றே. அவ்விழாவும் நாளடைவில் அதன் கையைவிட்டு நழுவி, வணிகன் கைக்குப் போய்ச் சேரும். இவ்வுண்மையை ஆண்டுதோறும் மார்ச்சு 17-ஆம் நாள் உலகிற்கு உணர்த்திக்கொண்டிருக்கும் நாடு அயர்லாந்து.

அந்நாள், அயர்லாந்தின் காவல் தூயராகப் போற்றப்பெறும் பத்திரிசியாரின் நினைவு நாள். பெயரளவில் அது நினைவு நாள். உலகின் பெருநகரங்களில் நடப்பதோ குடிநாள். அமெரிக்க நாட்டின் சிகாகோ நகரில், 1962-இல் தொடங்கிய வழக்கப்படி, ஓடும் ஆற்றுக்கே பச்சைச் சாயம் ஏற்றுகின்றனர். குடிப்பகங்களில் பச்சைத் தொப்பி, பச்சைச் சட்டை, பச்சை நிறம் கலந்த வாற்கோதுமைக் கள். அயர்லாந்து எங்கிருக்கின்றது என்று அறியாதாரும் அன்றொரு நாள் அயர்லாந்தியர் ஆகிவிடுகின்றனர். இந்தியப் பெருநகரங்களின் குடிப்பகங்களும் இவ்வழக்கத்தை இறக்குமதி செய்துகொண்டன. பத்திரிசியார் பெயரால் ஆண்டுக்கொரு மாலை, குடிப்பார் கூட்டத்தைப் பெருக்குதற்கு அவற்றிற்கும் வாய்த்துவிட்டது.

இதற்கும் வல்லக்கோட்டைக்கும் என்ன தொடர்பு என்று வினவுவார் உளர். தொடர்பு உண்டு. திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், ஒரகடம் எனத் தொடரும் தொழிற்பெருவழியில் அமைந்த ஊர் வல்லக்கோட்டை. 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய முருகன் கோயில் உள்ள ஊர் அது. இன்று அவ்வூரைச் சூழ்ந்து கொரியர், சப்பானியர், செருமானியர், பிரெஞ்சியர் முதலீட்டில் எழுந்த ஆலைகள் நிற்கின்றன. அவ்வாலைகளுக்கு நிலம் தந்தவர் தமிழர். நீர் தந்தவர் தமிழர். உழைப்புத் தருவோருள்ளும் பெரும்பகுதியினர் தமிழர். ஆனால் அங்குத் தமிழுக்குள்ள இடம் என்ன? இக்கேள்விக்கு விடை காண்பதற்கு முன், அயர்லாந்தியர் தம் மொழியை எவ்வாறு இழந்தனர் என்பதைத் தமிழர் அறிந்துகொள்ளல் வேண்டும்.

பத்திரிசியார் அயர்லாந்தில் பிறந்தவர் அல்லர். உரோமரின் ஆட்சிக்குட்பட்டிருந்த பிரித்தானியாவில் பிறந்து, 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். பதினாறு அகவையில் கடற்கொள்ளையரால் கவரப்பட்டு, அயர்லாந்தில் அடிமையாக்கப்பட்டு, ஆறாண்டு ஆடு மேய்த்தவர். தப்பி ஓடிய அவர், பின்னர் ஆயராகி, தம்மை அடிமை கொண்ட மக்களிடமே திரும்பி வந்தார். அவர்தம் நாவில் வழங்கிய மொழியிலேயே அவரோடு பழகினார். இலத்தீன மொழியில் அவர் எழுதிய தன்வரலாற்று ஏடு இன்றும் உள்ளது. தம் வாழ்வு அயன்மொழிக்கு மாறிப்போனமையால் தம் இலத்தீனம் செப்பமற்றுப் போயிற்று என்று அவ்வேட்டில் அவர் நாணுகின்றார். மொழி மாறியவனின் நாணத்தை எழுத்தில் வைத்துச் சென்ற ஒருவரின் நாளே, மொழி மாறிய ஓர் இனத்தின் பெருவிழா ஆயிற்று!

அயர்லாந்தில் அந்நாள் நெடுங்காலம் குடிநாளாக இருந்ததில்லை. கோயிலுக்குச் செல்லும் நாளாகவும், குடும்பத்தோடு உண்ணும் நாளாகவுமே இருந்தது. அதனைப் பொது விடுமுறை நாளாக்கும் சட்டம் 1903-இல் வந்தது. அதற்காக உழைத்தவருள் முன்னின்றவர் அயரிய மொழி இயக்கத்தார். 1893-இல் தோன்றிய கேலிய மொழிக் கழகம், அந்நாளில் குடிப்பகங்களை அடைத்துவைக்க வேண்டும் என்றும் கிளர்ச்சி செய்தது. மொழியைக் காக்க எழுந்தவர்கள், மொழிவிழாவிற்கும் கள்ளுக்கும் உறவு வேண்டா என்று தெளிந்திருந்தனர். விடுதலை பெற்ற அயர்லாந்து அரசும் 1920-களில் அந்நாளில் மதுவிற்பனையைத் தடை செய்தது. அத்தடை 1960-களின் தொடக்கம் வரை நீடித்தது. இன்று உலகம் ‘அயர்லாந்தின் மரபு’ என்று ஆர்ப்பரிக்கும் குடிக்கூத்து, ஒரு தலைமுறைக்கும் மேலாக அயர்லாந்திலேயே சட்டப்படி அடைத்துவைக்கப்பட்டிருந்தது என்பதைப் பச்சைத் தொப்பி அணிவார் எத்தனை பேர் அறிவர்?

பின் அக்கூத்து எங்கிருந்து வந்தது? கடல் கடந்த அயர்லாந்தியர் வாழ்ந்த நகரங்களிலிருந்து வந்தது. பாசுடன் நகரில் 1737-லும் நியூயார்க்கு நகரில் 1762-லும் அவர்கள் அந்நாளைக் கூடிக் கொண்டாடினர். பிழைப்புத் தேடிச் சென்ற மக்களுக்கு அது தம்மினத்தோடு கூடிநிற்கும் நாள். வெறுப்புக்கும் புறக்கணிப்புக்கும் நடுவே தலைநிமிர்ந்து நடந்த நாள். அதில் குறைகாண ஏதுமில்லை. ஆனால் அவர்களின் பேரப்பிள்ளைகள் நாவில் தாய்மொழி இல்லை. மொழி இல்லாத நாவுக்கு நிறமும் குடியுமே அடையாளமாயின. அடையாளம் வெறும் நிறமாகச் சுருங்கியவுடன், அதனை எவன் வேண்டுமானாலும் விற்கலாம் என்றாயிற்று. குடிவணிகம் அதனை உலகெங்கும் விற்றது. மொழியை அவ்வாறு விற்க இயலாது. அதனைக் கற்கத்தான் வேண்டும். தொப்பியையோ ஒரு மாலைப்பொழுதுக்கு வாங்கி அணிந்து கழற்றி எறிந்துவிடலாம்.

இனி, அவர்தம் மொழி போன வழியைக் காண்க. ஆங்கிலேயர் வாளும் சட்டமும் முதலில் நிலத்தைப் பறித்தன. 1831-இல் நாடெங்கும் தோன்றிய அரசுப் பள்ளிகள் ஆங்கிலத்தையே கல்வி மொழியாக்கின. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும்பஞ்சம் சூழ்ந்தது. ஏறத்தாழப் பத்து இலக்கம் மக்கள் மடிந்தனர். அதற்குக் குறையாதோர் கப்பலேறினர். மடிந்தவருள்ளும் கப்பலேறியவருள்ளும் பெரும்பாலார் அயரிய மொழி பேசிய ஏழை உழவர். 1851-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் அம்மொழி பேசினோர் 15 இலக்கத்திற்கும் மேற்பட்டவர். 1911-ஆம் ஆண்டுக் கணக்கில் அவர் தொகை 6 இலக்கத்திற்கும் கீழே இறங்கிவிட்டது. அறுபதே ஆண்டுகள்!

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. பிள்ளையின் கழுத்தில் ஒரு சிறு கோலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவர். பிள்ளை வீட்டில் தாய்மொழிச் சொல் ஒன்றைச் சொல்லுந்தோறும் அக்கோலில் ஒரு வெட்டு விழும். மறுநாள் பள்ளியில் ஆசிரியர் வெட்டுகளை எண்ணி, எண்ணிக்கைக்கேற்ப அடிப்பார். அவ்வெட்டுகளைப் போட்டவர் யார்? ஆங்கிலப் படைவீரன் அல்லன். பெற்ற தாயும் தந்தையுமே போட்டனர். ஆங்கிலம் இருந்தால்தான் கப்பலில் இடம், கூலி, சோறு என்று அவர்கள் நம்பினர். பிள்ளை மேல் கொண்ட பற்றினாலேயே பிள்ளையின் நாவை அறுத்தனர். ஓரினத்தின் மொழியைப் பகைவன் ஒடுக்கலாம். முற்றும் அழிக்க வேண்டுமாயின் அவ்வினத்தின் தாய் தந்தையர் துணை அவனுக்கு வேண்டும்.

கழுத்தில் கோல் கட்டும் வழக்கம் தமிழ்நாட்டில் இல்லை என்று எவரும் ஆறுதல் கொள்ள வேண்டா. வளாகத்தினுள் தமிழ் பேசினால் தண்டம் என்று விதித்த ஆங்கிலவழிப் பள்ளிகள் தமிழ்நாட்டில் இருந்ததை யாவரும் அறிவர். அத்தண்டத்தை மனமுவந்து கட்டிய பெற்றோரும் இருந்தனர். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்குதற்கே 2006-இல் தமிழ் கற்றல் சட்டம் என ஒன்றை இயற்ற நேர்ந்ததன்றோ! சொந்த மண்ணில் சொந்த மொழியைக் கற்பிக்கச் சட்டம் வேண்டியிருந்தது என்பதைவிடப் பெரிய எச்சரிக்கை வேறென்ன வேண்டும்?

அயர்லாந்தியர் உறங்கியே கிடந்தனர் அல்லர். டக்ளசு ஐடு என்னும் அறிஞர், அயர்லாந்தின் மேல் படிந்த ஆங்கிலத் தன்மையைக் களைய வேண்டியதன் கட்டாயத்தை 1892-இல் ஒரு பேருரையில் விளக்கினார். மறு ஆண்டில் கேலிய மொழிக் கழகம் பிறந்தது. அக்கழகத்தின் இதழாசிரியராயிருந்தவரும், 1908-இல் தாய்மொழிக்கு இடமளித்த பள்ளி ஒன்றை நிறுவியவருமான பாட்ரிக் பியர்சு, 1916-இல் விடுதலைப் புரட்சிக்குத் தலைமை தாங்கி, அவ்வாண்டு மே 3-ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயரும் பத்திரிசியாரின் பெயரே. அதே 1916-ஆம் ஆண்டில்தான் தமிழ்நாட்டில் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். ஒருவரையொருவர் அறியாத இரு நிலங்களில் ஒரே ஆண்டில் ஒரே உணர்வு கிளர்ந்தது.

அயர்லாந்து 1922-இல் தனியரசு கண்டது. 1937-இல் இயற்றிய அரசியல் சட்டத்தில் அயரிய மொழியை முதல் ஆட்சிமொழி என்று எழுதி வைத்தது. 1938-இல் டக்ளசு ஐடே நாட்டின் முதற் குடியரசுத் தலைவரானார். கொடி கிடைத்தது, சட்டம் கிடைத்தது, மொழி அறிஞர் ஒருவரே தலைவராகவும் கிடைத்தார். மொழி மீண்டதா? 2022-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில், அயரிய மொழி பேச வரும் என்று கூறியோர் 18 இலக்கத்திற்கும் மேற்பட்டவர். பள்ளிக்கு வெளியே நாள்தோறும் அம்மொழியைப் பேசுவோரோ 71,968 பேர் மட்டுமே. வாழ்விலிருந்து வெளியேறிய மொழியை ஏட்டில் எழுதிய சட்டத்தால் மட்டும் திருப்பிக் கொணர இயலவில்லை. எனினும் அந்நாட்டு மொழிப்பற்றாளர் இன்றும் ஓயவில்லை. தாய்மொழிவழிப் பள்ளிகளைக் கட்டி எழுப்பினர். 1996-இல் தாய்மொழித் தொலைக்காட்சி கண்டனர். 2007-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக அதனை ஏற்கச் செய்தனர். மார்ச்சு 17-ஐ ஒட்டி மொழிக்கிழமை ஒன்றையும் நடத்தி வருகின்றனர். பத்திரிசியார் நாளின் உண்மை மதிப்பு அங்குள்ளது, குடிப்பகத்தில் இல்லை.

தமிழ்நாட்டிற்கும் அயர்லாந்திற்கும் உள்ள பழைய உறவும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. 1842-இல் அயர்லாந்திலிருந்து சென்னைக்கு வந்திறங்கிய கன்னியர் பள்ளி தொடங்கினர். அவரைத் தொடர்ந்து வந்த அயர்லாந்துத் துறவியர் பலர் கல்விப்பணி ஆற்றினர். அவர்தம் தொண்டு பெரிது. அதை மறுப்பது நன்றியன்று. ஆயினும் வரலாற்றின் நகையைக் காண்க: ஆங்கிலத்தால் தாய்மொழி இழந்த நாட்டிலிருந்து வந்தோரே, தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியராயினர்!

இதற்கு மறுதலையாக நிற்பவர் கால்டுவெல். 1814-இல் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்த அவர், 1838-இல் சென்னைக்கு வந்து, தமிழ் கற்று, இடையன்குடியில் தங்கினார். 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு, தமிழ் வடமொழியின் துணையின்றித் தனித்தியங்க வல்லது என்று உலகறிய நிறுவினார். அவர் சிலை 1968-இல் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்டது. அயர்லாந்தின் பெயரால் தமிழர் ஒருநாள் கொண்டாட விரும்பினால், கொண்டாடுதற்குரியவர் அவரே. அவர் பெயரால் உயர்த்த வேண்டுவது கோப்பை அன்று, ஏடு.

இனி வல்லக்கோட்டைக்குத் திரும்புவோர் காண்பது என்ன? ஆலைவாயில்களில் அயலெழுத்துகள். ஒரகடத்தில் 2010-இல் தொடங்கிய சீருந்து ஆலையாயினும், வல்லம் வடகாலில் 2017-இல் தொடங்கிய ஈருருளி ஆலையாயினும், அங்கிருந்து உலகெங்கும் செல்லும் வண்டிகளில் தமிழ் எழுத்தைத் தேடினால் கிடைப்பது அரிது. பணியமர்த்தும் ஆணையை ஆங்கிலத்தில் பெற்று, அதில் என்ன எழுதியிருக்கின்றது என்று அறியாமலே கையெழுத்திடும் ஒப்பந்தத் தொழிலாளி எத்தனை பேர்! தன் உரிமை எதுவென்று படித்தறிய இயலாதவன் அவ்வுரிமையை எவ்வாறு கேட்பான்? பொறியின் மேல் ஒட்டிய எச்சரிக்கை, அதனருகே நிற்பவனுக்கு விளங்காத மொழியில் இருந்தால், அது எச்சரிக்கை ஆகாது, வெறும் ஒப்பனை. தொழிற்சாலைகளில் வைக்கும் அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு பெரும்பான்மைத் தொழிலாளர்க்கு விளங்கும் மொழியிலும் இருத்தல் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே வகுத்தது. மொழி என்பது இங்குப் பாவலர்க்குரிய பொழுதுபோக்கு அன்று. கையையும் விரலையும் கூலியையும் காக்கும் கருவி.

உரிமை கேட்கும்போது நாவில் எழுவது தாய்மொழியே. 2024-இல் சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் ஆலைத் தொழிலாளர், தம் சங்கத்தை ஏற்க வேண்டும் என்று செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். மானத்தோடு நின்ற அப்பந்தலில் ஒலித்தது தமிழ். துன்பத்தில் துணைநிற்கும் மொழிக்கு ஆலையின் அலுவலறையில் இருக்கை இல்லை என்பதே தமிழர் எண்ணி வருந்தத்தக்கது.

அலுவலறையில் தமிழுக்கு இடம் அறவே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. ஆண்டுக்கு ஒருநாள் உண்டு. பொங்கலுக்கு முந்திய வேலைநாளில் பட்டு வேட்டியும் சேலையும் உடுத்தி வருமாறு ஆங்கிலத்தில் சுற்றறிக்கை வரும். கரும்பு நிறுத்தி, கோலமிட்டு, பானை வைத்துப் படம் எடுத்துக்கொள்வர். மாலையில் வேட்டியை மடித்து வைத்துவிட்டு, ‘ஆப்பி பொங்கல்’ என்று வாழ்த்திக் கலைவர். அப்பிள்ளைகளின் மகிழ்ச்சியைப் பழிப்பது நோக்கமன்று. ஆனால் பச்சைத் தொப்பிக்கும் இப்பட்டு வேட்டிக்கும் இடையே உள்ள தொலைவை அளந்து பாருங்கள். ஓரிரு தலைமுறைத் தொலைவே அது! தொப்பி அணிந்தவனுக்கு மொழி முற்றும் போய்விட்டது. வேட்டி உடுத்தவனுக்கு அது போய்க்கொண்டிருக்கின்றது.

தமிழ் பேசுவோர் தொகை 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 7 கோடி. அயரியத்தோடு ஒப்பிடலாமா என்பார் உளர். தொகை பெரிதுதான். ஆனால் மொழி ஆளெண்ணிக்கையால் சாவதில்லை, வேலையிழந்து சாகின்றது. பள்ளி ஒன்றைப் பறிக்கின்றது. அலுவலகம் ஒன்றைப் பறிக்கின்றது. கடைத்தெரு ஒன்றைப் பறிக்கின்றது. எல்லாம் பறிபோனபின் மொழிக்கு எஞ்சுவன அடுக்களையும் கோயிலும் விழாநாளும். அடுக்களையும் கைவிடும் நாளில் விழா மட்டும் நிற்கும். அயர்லாந்தில் நின்றது அதுவே.

குடியைப் பற்றியும் ஒரு சொல். சங்கத் தமிழர் கள்ளுண்டது வரலாறு; அதை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் பனைமரத்துக் கள்ளை 1987 முதல் தடுத்துவிட்டு, ஆலைச் சாராயத்தை அரசே விற்று, 2023-24-ஆம் ஆண்டில் 45,000 கோடி உருபாவிற்கு மேல் வருவாய் கண்ட நாடு இது. தொழிற்பெருவழித் தொழிலாளியின் கூலியில் ஒரு பங்கு மாலையிலேயே அரசுக் கருவூலத்திற்குத் திரும்பிவிடுகின்றது. இந்நாட்டிற்கு இன்னொரு நாட்டின் குடிநாளையும் கடன் வாங்கும் தேவை சற்றும் இல்லை.

செய்ய வேண்டுவன தெளிவானவை. பணியாணையும் கூலிச்சீட்டும் எச்சரிக்கைப் பலகையும் தமிழில் வேண்டும் என்று ஒவ்வோர் ஆலையின் தொழிற்சங்கமும் தன் கோரிக்கைகளுள் ஒன்றாக எழுதுக. கடைப்பெயர்ப் பலகையில் தமிழ் முதலிடம் பெற வேண்டும் என்னும் அரசு விதியை வணிகர் நினைவிற் கொள்க. ஒடியாவும் இந்தியும் வங்காளமும் பேசி வயிற்றுப் பிழைப்புக்காக வந்துள்ள தொழிலாளரைப் பகையாதிருக்க; அவரும் தம் தாய்மொழியைப் பிரிந்து வந்த ஏழையரே. கப்பலேறிய அயர்லாந்தியரின் நிலையே அவர் நிலையும். அவர்க்குத் தமிழ் கற்பிக்க மாலைப் பள்ளிகள் தொடங்குக. எல்லாவற்றிற்கும் மேலாக, பெற்றோர் தம் பிள்ளையின் கழுத்தில் கண்ணுக்குத் தெரியாத கோலைக் கட்டாதிருக்க. ஆங்கிலம் கற்கட்டும், கொரிய மொழியும் சப்பானியமும் வேண்டுமாயின் அவற்றையும் கற்கட்டும். தமிழைக் கொடுத்து அவற்றை வாங்க வேண்டிய தேவை எப்பிள்ளைக்கும் இல்லை.

வல்லக்கோட்டையில் நிற்கும் ஆலைகள் ஒருநாள் வேறு நாடு தேடிப் போகலாம். வந்த முதல் போவதும் உண்டு. திருப்பெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டதை அவ்வட்டாரத் தொழிலாளர் மறந்திரார். ஆலை போனால் வேறோர் ஆலை வரும். மொழி போனால் வேறு தமிழ் வராது. அயர்லாந்து நூறாண்டுக்கு மேலாக அதைத் தேடிக்கொண்டிருக்கின்றது. தமிழர்க்குத் தேடும் நிலை இன்னும் வரவில்லை. வராமற் காப்பது இத்தலைமுறையின் கையில் உள்ளது.